அசல் படம் அப்படியே இருக்கட்டும்

மருதமுனையிலிருந்து என் வகுப்புக்கு ஒரு மாணவன் வருகிறான். அவனுடைய வாப்பா கைத்தறி நெய்கிறவர். தறியிலிருந்து இறங்கும் சேலைகளைப் படமெடுத்து பேஸ்புக்கில் போட்டு விற்பது அவன் பொறுப்பு. ஒரு முறை ஒரு சேலை திரும்பி வந்துவிட்டது. வாங்கியவர் படத்தில் பார்த்தது பளிச்சென்ற மயில் கழுத்து நிறம். கைக்குப் போய்ச் சேர்ந்தது அடங்கிய பச்சை. படம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று இவன் செச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்வைக் கூட்டி வைத்திருந்தான். அனுப்பிய செலவும் திரும்பி வந்த செலவும் வாப்பாவின் கையிலிருந்து போயின. அடுத்த சனிக்கிழமை வந்து, “மிஸ், சேலையின் உண்மையான நிறத்தைப் படத்தில் கொண்டுவர ஏலுமா?” என்று கேட்டான்.

2019இலிருந்து இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பட எடிட்டிங் சொல்லிக் கொடுக்கிறேன். படத்தை எப்படி வடிவாக்குவது என்று கேட்டுத்தான் எல்லாரும் வருவார்கள். உள்ளதை உள்ளபடி எப்படிக் காட்டுவது என்று கேட்டவன் அவன் ஒருவன்தான். அந்தக் கேள்விக்குப் பிறகு என் வகுப்பையே நான் மாற்றிக்கொண்டேன்.

அன்றைக்கு முழு நாளும் அந்தச் சேலைதான். விறாந்தையில் வெயில் நேரே படாத இடத்தில் விரித்தோம். ரியூப் லைட்டை அணைத்தோம். யன்னல் வெளிச்சமும் ரியூப் லைட்டும் கலந்தால் துணியின் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம். பிறகு எந்த மென்பொருளாலும் இரண்டையும் ஒன்றாக்குவது பெரும்பாடு. சேலையின் ஓரத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளை வைத்துப் படமெடுத்தோம். கிம்ப் என்ற இலவசப் பட எடிட்டிங் மென்பொருளில் கலர்ஸ் மெனுவுக்குள் வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்யும் லெவல்ஸைத் திறந்தால் மூன்று சின்னத் துளிக்குழாய்கள் இருக்கும். வெள்ளைக்கான குழாயை எடுத்துத் தாளின் மேல் ஒரு தட்டுத் தட்டினால், தாளில் படிந்திருந்த நீலமோ மஞ்சளோ போய்விடும். அதோடு சேலையின் நிறமும் தன் இடத்துக்கு வரும். தாள் ஏற்கெனவே வெளிச்சத்தில் வெளிறிப்போயிருந்தால் இது பலிக்காது. அதனால் படமெடுக்கும்போதே சற்று இருட்டாக எடுக்கச் சொல்வேன்.

பிறகு சேலையை மடித்து ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம். கணினியில் ஒன்றாகவே தெரிந்தது. அவனுடைய போனில் சற்று நீலமாகத் தெரிந்தது, இன்னொரு பிள்ளையின் போனில் மஞ்சளாக. ஒவ்வொரு திரையும் ஒவ்வொரு மாதிரி. அதை நாங்கள் திருத்த முடியாது. இப்போது அவன் படத்தின் கீழே நிறத்தை எழுத்திலும் போடுகிறான்: “அடர் பச்சை. மயில் கழுத்து அல்ல.”

எங்கள் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்பது பழைய கணினிகள், சிலவற்றில் 2 ஜிபி ரேம். கல்லாறு, ஓந்தாச்சிமடம், குருமண்வெளியிலிருந்து பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். மண்டூரிலிருந்து வருகிறவர்கள் வாவியைப் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவையில், கடந்து வர வேண்டும். பாதை பிந்தினால் அவர்களும் பிந்துவார்கள். ஆகவே முதல் கால் மணி நேரத்தில் புதிதாக எதையும் தொடங்குவதில்லை, போன கிழமை செய்ததைத்தான் திரும்பப் பார்ப்போம். கிராமப் பக்கத்தில் வகுப்பு நடத்துகிறவர்கள் இதை முதலிலேயே திட்டத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது. தூரத்திலிருந்து வரும் பிள்ளை ஒவ்வொரு கிழமையும் பாதிப் பாடத்தில் வந்து உட்கார்ந்தால், மூன்றாம் கிழமை நின்றுவிடும்.

கணினிகள் எங்களுக்குக் கிடைத்தபோது அவற்றில் விலைக்கு விற்கும் எடிட்டிங் மென்பொருளின் கிராக் பிரதி இருந்தது. ஒரு மாதத்துக்குள் எல்லாப் பென் டிரைவ்களிலும் வைரஸ். அதுவாவது துடைத்துப் போட்டால் தீரும். பிள்ளைகளிடம் திருட்டுப் பிரதியைக் கொடுத்து, “இதை வைத்துத் தொழில் செய்” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிம்ப்பைப் போட்டோம். பென் டிரைவில் கொப்பி பண்ணி வீட்டுக்குக் கொண்டுபோகலாம், சிநேகிதருக்கும் கொடுக்கலாம், அந்த உரிமை அதன் உரிமத்திலேயே இருக்கிறது. 1995இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் வகுப்புப் பயிற்சியாகத் தொடங்கிய மென்பொருள் அது. இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். மாணவர்கள் செய்த சாமான் என்பது அவர்களுக்குப் பெரிய விசயம்.

பழைய கணினி என்றால் ஒன்றைக் கவனியுங்கள். 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0க்கு விண்டோஸ் 10 ஆவது வேண்டும். விண்டோஸ் 7 ஓடும் கணினிகளில் இன்னும் 2.10தான் வைத்திருக்கிறோம். கற்பிக்க அது தாராளமாகப் போதும்.

முதல் வருடம் நான் கற்பித்த முறை பிழை. டூல்பொக்ஸில் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கருவியாக எடுத்து, இது இதற்கு, அது அதற்கு என்று சொல்லிக்கொண்டு போனேன். கொப்பி நிறைய எழுதினார்கள். ஆறாவது கிழமை ஒரு படத்தைக் கொடுத்து, பின்னணியை மாற்று என்றேன். ஒருவருக்கும் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. கருவியின் பெயர் தெரிகிறது, படத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை. அடுத்த தொகுதிக்கு முதல் நாளே வீட்டிலிருந்து ஒரு படத்தைக் கொண்டுவரச் சொன்னேன். அந்தப் படத்துக்கு எது தேவையோ அந்தக் கருவி மட்டும். பூப்புனித நீராட்டு விழாப் படத்தில் பந்தல் கால் ஒன்று தலைக்கு மேல் முளைத்தது போல நிற்கிறது என்றால், அன்றைக்கு, படத்தின் ஓரிடத்தைப் பிரதி எடுத்து இன்னோரிடத்தை மூடும் குளோன். அப்படிக் கற்றது மறக்கவில்லை.

படத்தின் மேல் தனித்தனியாக அடுக்கும் லேயரை விளக்க எனக்கு உதவியது ஒரு பைல் கவர். போட்டோ ஒன்றை அந்தப் பொலித்தீன் கவருக்குள் போட்டு, மேலே மார்க்கரால் மீசை வரையச் சொன்னேன். கவரைக் கழற்றினால் போட்டோ சுத்தமாக இருக்கிறது. இன்னொரு கவரில் பொட்டு, இன்னொன்றில் மாலை. அடுக்கை மாற்றிப் பார்த்தார்கள், ஒன்றை உருவிப் பார்த்தார்கள். லேயரின் ஒரு பகுதியை அழிக்காமல் மறைக்கும் லேயர் மாஸ்க்குக்கு ஒரு கறுப்புத் தாளில் யன்னல் வெட்டிப் படத்தின் மேல் வைத்தோம்: கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், சாம்பல் அரைவாசி காட்டும். இதைக் கையால் செய்து பார்த்த பிறகு, அழிப்பானை எடுத்துப் படத்தையே தேய்க்கும் பழக்கம் தானாக நின்றது. அழித்தது திரும்ப வராது, மாஸ்க்கால் மறைத்தது வரும்.

அதிலிருந்து வந்ததுதான் எங்கள் வகுப்பின் ஒரே கட்டாயச் சட்டம். படத்தைத் திறந்ததும் முதலில் ஷிப்ட், கன்ட்ரோல், டி. லேயர் இரட்டிக்கும். கீழே உள்ளதற்கு ‘அசல்’ என்று பெயர் வைத்துப் பூட்டு. இனி அதைத் தொடக்கூடாது. 3.0இல் லெவல்ஸ் போன்றவற்றைப் போட்ட பிறகும் திறந்து மாற்றலாம் என்றாலும், இந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. எப்போது வேண்டுமானாலும் மேலே உள்ளவற்றின் கண் அடையாளத்தை அணைத்து, எங்கிருந்து புறப்பட்டோம் என்று பார்க்க முடிய வேண்டும்.

புதிய பிள்ளைகள் பதறும் இடங்கள் மூன்று நான்கு உண்டு. முன்பே தெரிந்திருந்தால் உங்களுக்கு நேரம் மிச்சம். டேப் விசை தவறுதலாக அழுந்தினால் பக்கத்துப் பலகைகள் எல்லாம் மறைந்துவிடும், “எல்லாம் போயிற்று மிஸ்!” என்று குரல் வரும். திரும்ப டேப். பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள், ஒன்றும் விழவில்லை என்றால் பெரும்பாலும் எங்கோ ஒரு சின்னத் தெரிவு (செலக்ஷன்) கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். ஷிப்ட், கன்ட்ரோல், ஏ அழுத்தினால் அது போய்விடும். அதுவும் இல்லையென்றால் வேறு லேயரிலோ மாஸ்க்கிலோ நிற்கிறார்கள். பின்னணியை வெட்டினால் வெறுமைக்குப் பதில் வெள்ளை வருகிறது என்றால், லேயரில் வெறுமையைக் காட்டும் ஆல்ஃபா சேனல் இல்லை, சேர்க்க வேண்டும். அப்புறம், சேவ் பண்ணினால் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்.சி.எஃப் கோப்புத்தான் வரும். அதை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு “திறக்கவில்லையாம்” என்பார்கள். வேலைக்குச் சேவ், ஊருக்கு எக்ஸ்போர்ட், அதாவது எல்லாரும் திறக்கக்கூடிய சாதாரணப் படக் கோப்பாக எடுப்பது.

சேவ் என்றதும் 2022 ஞாபகம் வருகிறது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாத நாட்கள். யூ.பி.எஸ் பேட்டரிகள் எல்லாம் எப்போதோ செத்துவிட்டன. ஒரு பிள்ளை இரண்டு மணி நேரமாக முடி ஓரங்களை ஒவ்வொன்றாக மாஸ்க் பண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு ‘டக்’ சத்தம். கோப்புக்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை. அவள் அழவில்லை, கையை மடியில் வைத்துக்கொண்டு கறுத்த ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து படத்தைத் திறந்ததும் பெயர் வைத்துச் சேமித்த பிறகுதான் மவுஸில் கை வைக்க விடுகிறேன். நான் இடையிடையே “கன்ட்ரோல் எஸ்!” என்று, சேவ் பண்ணச் சத்தமாகச் சொல்வேன், ஒன்பது விசைப்பலகையிலும் சத்தம் கேட்கும்.

முகத்துக்கு வருகிறேன். பிள்ளைகளின் கை முதலில் போவது முகத்தை வெள்ளையாக்கத்தான். கலியாண அல்பத்திலும் கண்ணீர் அஞ்சலிப் பதாகையிலும் அவர்கள் பார்த்து வளர்ந்தது அப்படி. ஆள் இருந்த நிறம் ஒன்று, பதாகையில் தொங்கும் நிறம் வேறு. இதைப் புத்திமதியாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் பழையபடி செய்வார்கள். ஆகவே ஒரு பயிற்சி வைத்தேன். யன்னலோரமாக உங்கள் இடது கையைப் படமெடுங்கள். படத்தைத் திறந்து, அதே கையை ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றாகும் வரை சரிசெய்யுங்கள். ஒரு மணி நேரம் எடுக்கும். நகத்தின் கீழே உள்ள இளஞ்சிவப்பு, மூட்டு மடிப்பின் கருமை, தோலில் விழும் மினுக்கம் எல்லாவற்றையும் அன்றுதான் பார்ப்பார்கள். “என்ட கையில இவ்வளவு நிறமா மிஸ்?” என்று ஒருத்தி கேட்டாள்.

வெளிச்சமான பின்னணியில் எடுத்ததால் முகம் இருண்டுபோன படங்களைத் திருத்தத்தான் வேண்டும், அது வேறு. வெளிச்சத்தை ஒரு வளைகோட்டால் கூட்டிக் குறைக்கும் கேர்வ்ஸில் நடுப்பகுதியை மட்டும் சற்றே உயர்த்தி, மாஸ்க்கை முகத்தோடு நிறுத்தினால் கண்ணும் மூக்கும் துலங்கும். கோட்டின் மேல் முனையைத் தொடக்கூடாது. தொட்டால் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் உள்ள மினுக்கம் வெள்ளைத் திட்டாகி, கறுத்த தோலின் அழகே போய்விடும்.

இனிச் சொல்லப்போவது ஒரு படத்தின் கதை. பெரியகல்லாற்றிலிருந்து வந்த பிள்ளை, சுனாமிக்குப் பிறகு பிறந்தவள். அம்மாவின் தங்கையைக் கடல் கொண்டுபோனது. சின்னம்மாவின் படம் என்று வீட்டில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, பள்ளிக்கூட வெள்ளை உடுப்பில், கழுத்துப் பட்டியோடு. உப்புத் தண்ணீரில் ஊறிக் காய்ந்து, சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. இடது கன்னமும் அந்தப் பக்கக் கண்ணில் பாதியும் பழுப்புக் கறைக்குள் போய்விட்டன.

கண்ணாடியோடு ஒட்டிய படத்தை உரிக்கக்கூடாது. உரித்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். நாங்கள் சட்டகத்தோடே யன்னலுக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, ஒரு கறுப்புத் துணியில் துளை போட்டு, போனின் லென்ஸ் மட்டும் அந்தத் துளையால் பார்க்கும்படி பிடித்து எடுத்தோம். துணி கறுப்பு என்பதால் கண்ணாடியில் எங்கள் பிம்பம் விழவில்லை. ஃபிளாஷ் போடவில்லை. பத்துப் படம் எடுத்து ஒன்றைத் தெரிந்து, சரிவை பெர்ஸ்பெக்டிவ் கருவியால் நேராக்கினோம். அதை வீட்டுக்கு அனுப்பியபோது வட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டொக்கியுமென்டாக அனுப்பினோம், நுணுக்கம் குறையாமல் இருக்க.

மூன்று கிழமை வேலை செய்தாள். சுவரில் இருந்த கறைகளை ஹீல் கருவியால் துடைத்தாள். கழுத்துப் பட்டியின் கோடுகளை குளோனால் ஒவ்வொன்றாக இணைத்தாள். கன்னத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தாள்: நன்றாக இருந்த வலப்பக்கத்தைக் கொப்பி பண்ணித் திருப்பி, இடப்பக்கத்தில் பொருத்திவிட்டாள். ஓரம் தெரியவில்லை. நானும் அருகில் போய்ப் பார்த்தேன், பிழை தெரியவில்லை. வகுப்பே கைதட்டியது.

வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மம்மாவிடம் காட்டியிருக்கிறாள். அம்மம்மா போனை வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது ஆரு புள்ள?” என்று கேட்டிருக்கிறார்.

மனித முகத்தின் இரண்டு பக்கமும் ஒன்று அல்ல. அவருடைய மகளுக்கு இடது கண் சற்றுச் சிறிதாம், சிரித்தால் அந்தப் பக்கம்தான் குழி விழுமாம். வலப்பக்கத்தைத் திருப்பிப் போட்டதும் இரண்டும் போய், வேறு ஒரு பிள்ளை வந்து நின்றுவிட்டாள். கைதட்டிய எங்களில் ஒருவரும் சின்னம்மாவைக் கண்டதில்லை. கண்டவர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை அவள் வந்து, பேசாமல் அந்த லேயரின் கண்ணை அணைத்தாள். ‘அசல்’ கீழே அப்படியே இருந்தது. சுவர், உடுப்பு, கழுத்துப் பட்டி எல்லாம் தனித்தனி லேயரில் இருந்ததால் அந்த உழைப்பு வீணாகவில்லை. கன்னத்தில் கறையின் பழுப்பை மட்டும் குறைத்து, அருகிலுள்ள தோலின் நிறத்தை மெல்லிதாகப் பூசினோம். கண்ணை வரையவில்லை. மறைந்த பாதி மறைந்ததாகவே இருக்கிறது. அசலையும் இதையும் ஒரே அளவில் இரண்டு பிரின்ட் எடுத்துக் கொடுத்தோம். அம்மம்மா இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

இப்போது போனில் ஒரே தட்டில் பழைய படத்தைத் துலக்கித் தரும் ஆப்கள் பிள்ளைகள் எல்லாரிடமும் இருக்கின்றன. அவை இல்லாத கண்ணை ஊகித்து வரைந்துவிடுகின்றன, அதுவும் வடிவாக. அதனால்தான் நினைவுப் படங்களில் எங்கள் வகுப்பு அவற்றைத் தொடுவதில்லை. படத்தை ஆளைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்து ஓம் என்ற பிறகுதான் எக்ஸ்போர்ட்.

பதாகை வேலை எங்கள் பிள்ளைகளுக்குச் சின்ன வருமானம் தருகிறது, அதனால் அதையும் முறையாகக் கற்பிக்கிறேன். 6 அடிக்கு 4 அடிப் பதாகையை ஒருவன் 300 பிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சலில், தொடங்கினான். 21600 க்கு 14400 பிக்சல். ஒரு லேயருக்கே ஏறக்குறைய 1.2 ஜிபி. 2 ஜிபி ரேம் கணினி அப்படியே உறைந்து நின்றது. தூரத்திலிருந்து பார்க்கும் பதாகைக்கு 72 போதும், அதாவது 5184 க்கு 3456. கையில் பிடித்துப் பார்க்கும் ஏ4 அழைப்பிதழுக்குத்தான் 300 வேண்டும், 2480 க்கு 3508. இந்த இரண்டையும் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

எழுத்தும் அப்படித்தான். பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத தமிழ் எழுத்துருவில் அடித்த வரியை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பெயர் முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கும். யூனிகோடில் அடித்தால் அந்தத் தொல்லை இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரன் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன, கிம்பில் கொம்பும் காலும் தம் இடத்தில் விழுகின்றன. இறந்தவரின் பெயரையும் திகதியையும் வீட்டுக்காரர் ஒருவர் படத்தைப் பார்த்துச் சத்தமாக வாசித்த பிறகே அச்சுக்குப் போக வேண்டும். ஒரு முறை ஒரு புள்ளி தவறி, செத்த வீட்டில் நாங்கள் தலைகுனிந்து நின்றோம். அந்தப் பதாகையை எங்கள் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தோம்.

தைப்பொங்கல் கழிந்து புதிய தொகுதி தொடங்கும். வரும் பிள்ளைகள் வீட்டிலிருந்து ஒரு படம் கொண்டுவந்தால் போதும், கணினி தெரிந்திருக்கத் தேவையில்லை. போனில் உள்ள படம் என்றால் டொக்கியுமென்டாக அனுப்பட்டும். அல்பத்தில் ஒட்டிக்கொண்ட பழைய படம் என்றால் அல்பத்தோடே வரட்டும். கண்ணாடியில் ஒட்டியது என்றால் சட்டகத்தைக் கழற்றாமல், ஒரு துவாயில் சுற்றி, பாதையில் வரும்போது மடியில் வைத்துக் கொண்டுவரட்டும். கறுப்புத் துணி எங்களிடம் இருக்கிறது.